ஐந்தாவது குண்டுக்கு அப்புறம்

1830 ஆகஸ்டில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய 'கோர்வோ' என்ற கப்பலில் பதினாறு வயசுப் பையன் ஒருவன் எடுபிடி வேலைக்கு ஏறினான். பெயர் சாமுவேல் கோல்ட். பள்ளிக்கூடத்தில் வாணவேடிக்கை காட்டுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, அது தீ விபத்தில் முடிந்ததால், பெற்ற அப்பாவே 'கடலோடு போ' என்று அனுப்பிவைத்ததாகச் சொல்வார்கள். கப்பலில் வேலை இல்லாத நேரத்தில் பையன் மரக்கட்டையைச் செதுக்கி, சுழலும் குண்டறைகள் கொண்ட ஒரு பொம்மைத் துப்பாக்கி செய்தான். சுக்கான் சக்கரத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ஒரு கட்சி. இல்லை, நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளையைப் பார்த்து என்று இன்னொரு கட்சி. எப்படியோ, உலகத்தின் பிரபலமான ரிவால்வர் கல்கத்தாவுக்குப் போய்வந்த வழியில் உருவானது என்று நாம் ஓரமாக நின்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் நமக்கு இதில் பங்கு கிடையாது.

ஊர் திரும்பியவனிடம் யோசனை இருந்தது, காசு இல்லை. 'நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் கூல்ட்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சிரிப்பு வாயுக் கச்சேரி நடத்தினான். ஜனங்கள் காசு கொடுத்து நைட்ரஸ் ஆக்சைடை இழுத்து, மேடையில் தாறுமாறாக ஆடி, மானம் போய் வீடு திரும்பினார்கள். வந்த வசூலில் கொல்லர்களை வைத்து மாதிரித் துப்பாக்கிகள் செய்யச் சொன்னான். ரிவால்வரின் முதலீடே ஊரார் சிரிப்புதான் என்பதால், இந்தச் சரித்திரத்தை முழுக்க முழுக்க மரியாதையோடு சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை.

1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊரில் ஆலை வந்தது. ஐந்து குண்டறை. விசை உள்ளே மடங்கி ஒளிந்திருக்கும். சுத்தியலை இழுத்தால்தான் வெளியே எட்டிப் பார்க்கும். சட்டைப் பைக்கு என்றே குட்டி வடிவமும் செய்தார்கள். அதுவரை ஒரு குண்டு சுட்டுவிட்டு ஓடத் தயாராக நின்ற மனிதன், இப்போது ஐந்து சுட்டுவிட்டு ஓடலாம். மாபெரும் முன்னேற்றம்.

ஓடவேண்டியிருந்தது ஏன் என்றால், ஆறாவதைச் சுடுவது எப்படி என்று அவர்கள் சரியாக யோசித்திருக்கவில்லை. முதலில் வந்த பேட்டர்சனில் மறுபடி குண்டு போட, பக்கவாட்டில் இருக்கும் ஆப்பைத் தட்டிக் கழற்ற வேண்டும். பிறகு குழலை உருவ வேண்டும். பிறகு சிலிண்டரை வெளியே எடுத்து, தனிக் கருவி வைத்து நிரப்பி, எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். எதிராளி அதுவரை மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான் என்பது ஆலையின் கணிப்பு போலிருக்கிறது. துப்பாக்கியோடு சேர்ந்தபடியே குண்டை அழுத்தும் நெம்புகோல் 1839 வாக்கில்தான் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, விஷயம் தெரிந்தவர்கள் செய்த ஒரே காரியம், முன்கூட்டியே நிரப்பிய இன்னொரு சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனது. உதிரிக் குண்டு என்ற சங்கதி இப்படித்தான் ஆரம்பம். துப்பாக்கியில் பாதியை இடுப்பிலும் மீதிப் பாதியைச் சட்டைப் பையிலுமாகச் சுமந்தார்கள்.

இதன் முதல் பெரிய பரீட்சை 1844 ஜூனில் டெக்சாஸில், வாக்கர்ஸ் க்ரீக் என்ற ஓடைக்கரையில் நடந்தது. ஜாக் ஹேஸ் தலைமையில் டெக்சாஸ் ரேஞ்சர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். எதிரே பல மடங்கு கோமாஞ்சிகள், குதிரை மேல், வில்லோடு. அந்த நிலம் கோமாஞ்சிகளுடையது. அதையும் ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் ஒரு குண்டு சுட்டுவிட்டு மருந்து இடிக்கும் நேரத்தில் அரை டஜன் அம்பு விடலாம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பியது. சுட்ட கை மறுபடி மறுபடி சுட்டது. ஆனால் எவ்வளவு சுட்டாலும் முடிவில் கை காலியாகத்தானே வேண்டும்? துரத்திப் போய்க் கடைசியில் தலைவன் எதிரே திரும்பி நின்றபோது, யாரிடமாவது ஒரு குண்டு மிச்சம் இருக்கிறதா என்று ஹேஸ் கத்திக் கேட்க வேண்டியதாயிற்று. கில்லெஸ்பி என்பவரிடம் இருந்தது. அதோடு சண்டை முடிந்தது. ஐந்து குண்டு ரிவால்வரின் முதல் மகத்தான வெற்றியே 'எவன்கிட்டடா பாக்கி இருக்கு?' என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கோல்ட் கம்பெனி விளம்பரங்களில் அடக்கி வாசித்தார்கள்.

அந்தச் சண்டையில் ஈட்டிக் குத்து வாங்கிப் பிழைத்த சாமுவேல் வாக்கர் பிறகு கோல்ட்டைச் சந்தித்து, ஆறு குண்டு போடுகிற மாதிரி பெரிசாகச் செய்யச் சொன்னார். 1847இல் வந்த அந்தத் துப்பாக்கி இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அதை மறைத்து எடுத்துப் போக வேண்டுமென்றால் குதிரைக்குத்தான் சட்டை தைக்க வேண்டும். அதை விட்டுவிடுவோம். நம் கதை சட்டைப் பைக் கதை.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று சேதி பரவியதும், தங்கத்தைத் தோண்டப் போனவர்களும், தோண்டியவர்களிடமிருந்து தோண்டப் போனவர்களும் ஆளுக்கொரு சிறு துப்பாக்கி கேட்டார்கள். 1849இல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த பாக்கெட் ரிவால்வர் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. சின்னது, அழகானது. கோட்டுப் பையில் வைத்தால் வெளியே தெரியாது. அதை நிரப்புவதற்கு வேண்டிய சாமான்கள்தான் வெளியே தெரிந்தன.

என்னென்ன என்று பாருங்கள். வெடிமருந்துக் குடுவை, ஈயக் குண்டுப் பை, குண்டு தீர்ந்தால் வார்த்துக்கொள்ள அச்சு, கேப் டப்பி, கொஞ்சம் கொழுப்பு. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்து. குடுவையின் மூக்கை விரலால் அடைத்துக் கவிழ்த்து, அளவு மருந்தை ஓர் அறையில் கொட்டு. அறையைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கும் குண்டை மேலே வை. நெம்புகோலால் அழுத்து. ஓரத்தில் ஈயம் மோதிரம் மாதிரி வளையமாகச் சீவிக்கொண்டு வந்தால் சரியாக இறங்கியது என்று அர்த்தம். மேலே கொழுப்பைப் பூசு. பூசாவிட்டால் ஓர் அறை வெடிக்கும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. ஐந்து குண்டையும் ஒரே நேரத்தில், நாலை அனாவசியத் திசையில். இதையே ஐந்து முறை செய். பிறகு பின்பக்கம் திருப்பி, ஐந்து முனைகளிலும் ஒவ்வொரு கேப்பாக மாட்டு. நம்ம ஊர் தீபாவளிப் பொட்டு வெடிக்குச் செம்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் அந்தக் கேப். குளிரில் மரத்துப்போன விரலால், இருட்டில், எதிரே ஒருவன் ஓடிவரும்போது அதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதோடு முடிந்ததா? சுட்டதும் கேப் கிழிந்து, துண்டு உள்ளே விழுந்து இயந்திரம் சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கிச் சுத்தியலை இழுப்பார்கள், துண்டு வெளியே விழட்டும் என்று. படங்களில் பார்க்கும்போது ஸ்டைல் மாதிரி இருக்கும். குப்பை கொட்டுகிற வேலை அது.

நிரப்பும் சிரமம் பொறுக்காமல், மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய தோட்டாக்கள் வந்தன. தீ பட்டால் காகிதமும் சேர்ந்து எரிந்துவிடும். அற்புதமான கண்டுபிடிப்பு, பையில் வைக்காத வரைக்கும். வைத்தால் நசுங்கும். மழையில் நனைந்தால் கூழ். மாலையில் கோட்டைக் கழற்றும்போது பையின் மூலையில் கருப்புப் பொடியும் நாலு ஈய உருண்டையும் இருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு கட்டியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர். அவர் கைத்துப்பாக்கியில் ஒரே குண்டு. உள்ளங்கையில் அடங்கும். இரண்டாவது குண்டு வேண்டுமா? இரண்டாவது துப்பாக்கி வாங்கு. நிஜமாகவே ஜோடி ஜோடியாகத்தான் விற்றார்கள். 1865இல் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த தனி மாடத்துக்குள் நுழைந்த ஜான் வில்க்ஸ் பூத் கையில் இருந்தது டெரிஞ்சர்தான். சுட்டதும் அது வெறும் மரமும் இரும்பும். தடுக்க வந்த மேஜரை அவன் கத்தியால்தான் வெட்டிவிட்டுக் குதித்தான்.

இதற்கிடையில் உலோகத் தோட்டா வந்துவிட்டது. குண்டு, மருந்து, கேப் மூன்றும் ஒரே குப்பிக்குள். உதிரியை இனிச் சில்லறை மாதிரி பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைப் போட, சிலிண்டரின் அறை முன்னும் பின்னும் துளைத்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஓட்டைக்குக் காப்புரிமை ரோலின் வைட் என்பவரிடம் இருந்தது. 1855இல் பதிவு செய்தார். கோல்ட் ஆலையில் வேலை பார்த்தவர். முதலில் கோல்ட்டிடமே காட்டினார், அவர் 'போய்யா' என்று விட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிடித்துக்கொண்டது. துப்பாக்கிக்கு இருபத்தைந்து சென்ட் ராயல்டி. வைட் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் கீழே ஒரு சின்ன ஷரத்து: யாராவது காப்புரிமையை மீறினால் வழக்குச் செலவு வைட் தலையில்.

எல்லோரும் மீறினார்கள். வைட் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். ஜெயித்தார். ஜெயித்த பணம் வக்கீல் வீட்டுக்குப் போனது. காப்புரிமை 1869இல் முடிந்தபோது, இன்னும் கொஞ்ச வருஷம் நீட்டிக்க வழி செய்யுங்கள் என்று அமெரிக்கக் காங்கிரஸில் மன்றாடி ஒரு மசோதாவும் நிறைவேற்ற வைத்தார். ஜனாதிபதி கிராண்ட் அதை 1870இல் நிராகரித்தார். உள்நாட்டுப் போரில் நல்ல ரிவால்வர் கிடைக்காமல் ராணுவம் அவதிப்பட்டதற்கு இந்தக் காப்புரிமையும் ஒரு காரணம் என்று தளவாட அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். கிராண்ட் அந்தப் போரின் தளபதி. வைட் மனுப் போட்ட இடம் அப்படி. கண்டுபிடித்தது வெறும் ஓட்டை. கைக்கு வந்ததும் ஏறக்குறைய அதுவே.

அந்த ஓட்டையில் 1857இல் பிறந்த முதல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஏழு குண்டு போடும் குட்டித் துப்பாக்கி. குண்டின் அளவைப் பார்த்தால் பட்டாணிக்கே கோபம் வரும். 1861இல் நெவாடா போன மார்க் ட்வைனிடம் அதுதான் இருந்தது. 'ரஃபிங் இட்' புத்தகத்தில் அதன் வீரியத்தை அவர் கேலி செய்த அளவுக்கு வேறெந்தத் துப்பாக்கியையும் எந்த எழுத்தாளரும் செய்ததில்லை. நிரப்பும் முறையில் மட்டும் பழைய கதை மாறவில்லை. குழலை மேலே மடக்கி, சிலிண்டரைக் கையில் எடுத்து, குழலுக்கு அடியில் இருக்கும் குச்சியில் ஒவ்வொரு காலிக் குப்பியாகக் குத்தித் தள்ள வேண்டும். வெடித்த குப்பி வீங்கி ஒட்டிக்கொண்டால் குத்துகிற குத்து பெரிய குத்து.

இனி, நாம் சினிமாவிலும் காமிக்ஸிலும் பார்த்த காலம். கர்ணன் இயக்கிய கௌபாய் படங்களில் ஜெய்சங்கர் எத்தனை முறை சுட்டார் என்று எண்ணியவர்கள் நம்மில் உண்டு. சிவகாசியிலிருந்து தமிழ் பேசி வந்த டெக்ஸ் வில்லரும் அப்படித்தான். தோட்டா தீர்வது வில்லன்களுக்கு மட்டும் வரும் வியாதி. நிஜத்தில் அந்த ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஆறு போடுவதே அபாயம். சுத்தியல் ஓர் உயிருள்ள தோட்டாவின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் தானே வெடிக்கும். அதனால் ஐந்து போட்டு, ஓர் அறையைக் காலியாக விட்டார்கள். காலி அறையில் தன் சவப்பெட்டிச் செலவுக்கு ஒரு டாலர் நோட்டைச் சுருட்டி வைத்திருப்பார்கள் என்று ஒரு கட்டுக்கதை உண்டு. உதிரித் தோட்டாவைவிட அது நடைமுறைக்கு உகந்தது என்பேன்.

இந்த ஐந்து விதி பிற்காலத்தில் எவர் பெயரால் ஊருக்கு உபதேசிக்கப்பட்டதோ, அந்த மகான் வயாட் எர்ப். 1876 ஜனவரியில் விச்சிட்டா நகரில் மதுக்கடைப் பின்னறையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் அங்கே போலீஸ்காரர். துப்பாக்கி உறையிலிருந்து நழுவி நாற்காலியில் மோதியது. ஆறாவது அறையில் தோட்டா இருந்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டு, கூரை வழியாக வெளியே போயிற்று. உள்ளூர்ப் பத்திரிகை ஒரு வாரம் கிண்டலடித்தாலும் போதாத சேதி, போட்டுவிட்டார்கள். அறையில் இருந்த மற்றவர்கள் வாசலைத் தேடியிருப்பார்கள்.

அதே எர்ப் ஐந்து வருஷம் கழித்து டூம்ஸ்டோன் ஊரில், ஓ.கே. கொரால் சண்டையில். அந்த ஊரில் ஆயுதம் ஏந்தி நடப்பதற்கே தடை. வந்ததும் ஒப்படைக்க வேண்டும். தடையை அமல்படுத்தப் போன எர்ப்பின் துப்பாக்கி அவர் ஓவர்கோட்டுப் பையில் இருந்தது. சண்டை நடந்தது கொராலிலும் இல்லை, சில மனைகள் தள்ளி, போட்டோ ஸ்டுடியோ பக்கத்துக் காலி இடத்தில். முப்பது வினாடியில் சுமார் முப்பது குண்டு. மூன்று பேர் சாவு. இத்தனை பேர் பெல்ட்டில் வரிசை வரிசையாகச் செருகியிருந்த உதிரித் தோட்டாக்களுக்கு அன்று வேலையே வரவில்லை. தோல் பெல்ட்டில் கிடந்து பித்தளை பச்சைக் களிம்பு ஏறுவதுதான் பெரும்பாலான உதிரித் தோட்டாவின் வாழ்க்கை வரலாறு.

ஆனாலும் மனிதன் விடவில்லை. ஒவ்வொன்றாகப் போடாமல் ஆறையும் ஒரே அமுக்கில் போடும் கருவிக்கு 1893இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார் பிரிடோ என்ற மனிதர். தொழில், பல் வைத்தியம். ஓய்வு நேரத்தில் டார்செட் தேவாலயங்களின் பழைய பித்தளைத் தகடுகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பழசைப் பிடுங்கிவிட்டு, குழியைச் சீக்கிரமாக அடைக்க வேண்டும் என்ற பிரச்சினையைப் பல் வைத்தியரைவிட யார் புரிந்துகொள்ள முடியும்? முதல் உலகப் போரில் அதிகாரிகள் வெப்லி ரிவால்வருக்கு அதை வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் 1927இல் கோல்ட், துப்பறிவாளர்களுக்கென்று குட்டையான ஆறு குண்டு ரிவால்வர் போட்டது. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைவிடச் சின்னதாக, ஐந்து குண்டில் ஒன்றை கொலராடோவில் கூடிய போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் காட்டியது. தலைவர்களையே பெயர் வைக்கச் சொன்னார்கள். நன்கு யோசித்து, 'தலைவர்களின் ஸ்பெஷல்' என்று தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மாநாடு என்றால் எல்லா ஊரிலும் மாநாடுதான்.

துப்பாக்கி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. உதிரி சுருங்க மறுத்தது. போலீஸ்காரர் பெல்ட்டில் ஒரு தோல் பை. மூடியைத் திறந்தால் ஆறு தோட்டாவும் உள்ளங்கையில் கொட்டும் என்பது ஏற்பாடு. மூன்று கையில், மூன்று தரையில் என்பது அனுபவம். ஆறையும் ஒரே அமுக்கில் போடும் வட்டக் கருவியில் வைத்தால் கால்சட்டைப் பை எலுமிச்சம்பழம் திருடியவன் மாதிரி புடைக்கும். துப்பாக்கியை ஒளித்து என்ன பயன்? வெறுமனே பையில் போட்டால் சாவி, சில்லறை, துணிப் பஞ்சு எல்லாம் சேர்ந்து சிலிண்டருக்குள் நுழையப் பார்க்கும். கடைசியில் பியாங்கி என்ற தோல் சாமான்காரர் பெயரில் தட்டையான ரப்பர் பட்டை ஒன்று வந்தது. ஆறு தோட்டாவை வரிசையாகக் கவ்விக்கொண்டு பையில் படிந்து கிடக்கும். உரிக்க உரிக்க இரண்டிரண்டாக அறைக்குள் இறங்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிரச்சினைக்குக் கிடைத்த உருப்படியான பதில் ஒரு துண்டு ரப்பர்.

ஓர் இடத்தில் மட்டும் கேலியை நிறுத்துகிறேன். 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நியூஹால் அருகே நெடுஞ்சாலைக் காவலர்கள் நான்கு பேர் சில நிமிஷத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் கொலைகாரன் அருகே வந்துவிட்டான். பயிற்சிப் பழக்கத்தில் அவர் காலிக் குப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்று ரொம்ப வருஷம் வகுப்புகளில் சொன்னார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அது உண்மையல்ல என்றார்கள். செத்தவர் மீது பழி போடுவது சுலபம். அந்தப் பழைய தோல் பை போய், ஆறையும் சேர்த்துப் போடும் கருவி அந்தத் துறைக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

நியூயார்க் போலீஸ்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள். சுட்டு முடித்த ரிவால்வரை நிரப்பவே வேண்டாம். இன்னொரு ரிவால்வரை உருவிக்கொள். 'நியூயார்க் ரீலோட்' என்று அதற்கு நாமகரணமும் ஆயிற்று. ஹென்றி டெரிஞ்சர் ஜோடி விற்றபோது சொன்னது இதையேதான்.

பையில் என்ன வைத்துக்கொண்டால் ஆபத்துக்கு உதவும் என்ற கேள்விக்கு, என்னைக் கேட்டால், 1912 அக்டோபர் 14ஆம் தேதி மில்வாக்கி நகரில் பதில் கிடைத்துவிட்டது. தேர்தல் பிரசாரத்துக்கு வந்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஓட்டல் வாசலில் காரில் ஏறி நின்று கையாட்டினார். ஷ்ராங்க் என்பவன் கோல்ட் ரிவால்வரால் நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டான். இரண்டாவது குண்டுக்குள் ஆட்கள் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். அவன் சிலிண்டரில் பாக்கி இருந்தது எதற்கும் ஆகவில்லை. ரூஸ்வெல்ட்டின் கோட்டுப் பையில் இருந்தவை இரண்டு: இரும்பு மூக்குக்கண்ணாடிக் கூடு, இரண்டாக மடித்த ஐம்பது பக்கப் பேச்சு. குண்டு இரண்டையும் துளைத்துக் களைத்துப்போய் மார்புக் கூட்டோடு நின்றது. அவர் உள்ளங்கையில் இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை, நுரையீரல் தப்பியது என்று முடிவு செய்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மண்டபத்துக்குப் போய், ஓட்டை விழுந்த தாள்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார்.

நம்மூர்ப் பேச்சாளர்கள் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் மணிக்கணக்கில் பேசுவதைப் பெரிய திறமை என்று கைதட்டி வருகிறோம். தயவுசெய்து இனிமேல் ஐம்பது பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். படிக்க வேண்டாம். பையில் இருந்தால் போதும்.